நம்மிடம் போட்டோ இல்லை, கடதாசி இருக்கிறது



போன வருசம் ஒரு நாள் அந்திக்கு, எங்கள் டிவிசனில் ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளை என் காரியாலயத்துக்கு வந்தாள். முகம் வாடிப் போயிருந்தது. என்னவென்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் தாத்தா, பாட்டியின் சின்ன வயதுப் படம் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார்களாம். வீட்டில் தேடியும் ஒன்றும் இல்லை. நான் அவளோடு லயத்துக்குப் போனேன். அவளுடைய அம்மாயி இஸ்தோப்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எழுபது வயது தாண்டியவர். நாற்பது வருசத்துக்கு மேல் கொழுந்து எடுத்த கை. படம் ஏதும் இருக்கா அம்மாயி என்று கேட்டேன்.

“எனக்குப் புடிச்ச மொதப் போட்டோவே ஐடென்டி காட்டுக்குத்தான் தம்பி. அப்ப எனக்கு மூணு புள்ள பொறந்தாச்சு. சின்ன வயசுல யாரு நம்மளப் படம் புடிச்சா?” என்றார்.

சரி, படம் இல்லாவிட்டால் போகட்டும், சின்ன வயதில் கண்ணால் பார்த்த ஒரு காட்சியைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். நாலு வயசு இருக்குமாம். விடியற்காலை இருட்டில் அம்மா அவரைப் பிள்ளைக் காம்பராவுக்குக் கூட்டிக்கொண்டு போவார். மழை நாளில் அம்மா தலையில் போட்ட கம்பளிக்குள் பிள்ளையையும் இழுத்துக்கொள்வார். உள்ளே இருந்து பார்த்தால் மலையும் தெரியாது, வானமும் தெரியாது. அம்மாவின் இரண்டு காலும், நனைந்த கருங்கல் படியும், ஓரத்தில் பன்னச் செடியும் மட்டும்தான் தெரியும். “ஒலகமே அவ்வளவுதான்னு நெனச்சுக்கிட்டேன்” என்றார்.

அந்தப் படத்தைத்தான் பேத்தி கடதாசியில் வெட்டி ஒட்டினாள். அதை எப்படிச் செய்தாள், நீங்கள் எப்படிச் செய்யலாம் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. கடைசியில் அந்தப் படம் என்ன ஆனது என்பதையும் சொல்கிறேன்.

படம் பிடித்தவர்கள் பெயர் கேட்கவில்லை

நம் ஆட்களை யாரும் படம் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டு லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை போட்டார். அதற்குப் பிறகு வந்த காலத்தில் கூடை சுமந்த நம் பெண்களின் படம் தபாலட்டையாகவும் விளம்பரமாகவும் கப்பலேறி உலகமெல்லாம் போயிருக்கிறது. இன்றும் தேயிலைப் பெட்டிகளில் அந்தப் படங்களைப் பார்க்கலாம். ஆனால் அந்தப் பழைய படங்களைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் படத்தில் உள்ளவரின் பெயர் இருக்காது. தமிழ்ப் பெண், கொழுந்து எடுப்பவள் என்ற அளவில்தான் எழுதியிருப்பார்கள். அவருக்கு எத்தனை பிள்ளை, எந்த லயம் என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் படத்தில் ஒரு பிரதி அவர் கைக்கு வந்ததாகவும் தெரியவில்லை.

சில குடும்பங்களில் இருந்த ஒன்றிரண்டு படமும் கைமாறிப் போனது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு, அண்ணன் இங்கே தம்பி அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. 1984 வரை தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். டிரங்குப் பெட்டியில் இருந்த படமும் அவர்களோடு போய்விட்டது. மிச்சம் இருந்ததை லயத்து ஒழுக்கும் புகையும் கரையானும் தின்றன.

ஆகவே நம் பழைய ஆட்களின் சின்ன வயது இன்று அவர்கள் மனதில் மட்டும்தான் இருக்கிறது. அவர்கள் போனால் அதுவும் போய்விடும். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் அப்பா கவ்வாத்து வெட்டியவர். அவர் சின்ன வயதில் எந்த லயத்தில் இருந்தார், ஜன்னலுக்கு வெளியே என்ன மரம் நின்றது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன். இப்போது கேட்க ஆள் இல்லை.

வயது போனவர்கள் செய்த வேலை

கடதாசி வெட்டுவது சின்னப் பிள்ளை விளையாட்டு என்று சிலர் நினைப்பார்கள். இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் மேரி டெலானி என்று ஒரு அம்மா இருந்தார். 1772ஆம் ஆண்டு, தம் 72ஆவது வயதில், ஒரு சிவப்புப் பூவின் இதழும் பக்கத்தில் கிடந்த சிவப்புக் கடதாசியும் ஒரே நிறமாக இருப்பதைக் கவனித்தார். கடதாசியை இதழ் போல வெட்டி ஒட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து பத்து வருசம், கண் பார்வை மங்கும் வரை, செடி செடியாக எடுத்துவைத்துப் பார்த்து வெட்டி, கறுப்புத் தாளில் ஒட்டினார். மொத்தம் 985 பூப் படங்கள். ஒரு பூவுக்கே நூற்றுக்கணக்கான சின்னத் துண்டுகள் உண்டு. இன்று அவை லண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அடுத்தவர் பிரான்ஸ் நாட்டுப் பெரிய ஓவியர் ஹென்றி மத்தீஸ். 1941இல் பெரிய ஒப்பரேசன் செய்த பிறகு அவரால் முன்போல் நின்று வரைய முடியவில்லை. நிறம் பூசிய தாளைக் கத்தரிக்கோலால் வெட்டிப் படம் செய்யும் வேலை அவருக்கு முக்கியமானது. 1946இல் ஒரு நாள் எழுதும் தாளில் ஒரு குருவியை வெட்டினார். எறிய மனம் இல்லாமல், சுவரில் இருந்த ஒரு கறையை மறைக்க அதை அங்கே ஒட்டினார். பிறகு ஒரு மீன், பவளம், கடற்பாசி என்று சுவர் நிறைந்தது. பதினாறு வருசத்துக்கு முன், 1930இல், தாகித்தித் தீவில் பார்த்த கடலை அவர் நினைவில் இருந்தே வெட்டினார்.

ஒருவர் கண் முன் இருந்த செடியைப் பார்த்துச் செய்தார். மற்றவர் மனதில் இருந்ததைச் செய்தார். நமக்கு இரண்டும் வேண்டும். சுவரில் கறை இல்லாத லயமும் இல்லையே!

தென்னை மரம் எங்கே இருந்து வந்தது?

நம் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து இயற்கைக் காட்சி வரையச் சொல்லுங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, பக்கத்தில் சாய்ந்த தென்னை மரம். பத்துப் பிள்ளையில் எட்டுப் பிள்ளை இப்படித்தான் வரையும். நம் மேல்மலைத் தோட்டத்தில் தென்னை மரம் எங்கே இருக்கிறது? இந்தக் குளிருக்குத் தென்னை காய்க்கவே காய்க்காது. பிள்ளை தன் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுப் புத்தகத்தில் பார்த்ததை வரைகிறது.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். முதல் தடவை சிறுவர் நிலையத்தில் பிள்ளைகளைக் கூட்டி, டவுனில் வாங்கிய கலர்த் தாளைக் கொடுத்து, நானே ஒரு தாமரைப் பூவை வெட்டிக் காட்டினேன். இருபத்திரண்டு பிள்ளைகள் இருபத்திரண்டு தாமரை வெட்டினார்கள். எங்கள் தோட்டத்தில் தாமரைக் குளமும் கிடையாது! சுவரில் ஒட்டினோம். அடுத்த மழைக்கு ஈரம் ஏறி எல்லாம் கழன்று விழுந்தன. ஒரு பிள்ளையும் தன் படத்தைத் தேடி வரவில்லை. ஒன்றுபோல இருந்தால் எது தன்னுடையது என்று தேடுவது?

ஆகவே பெரியவர்களே, மாதிரி வெட்டிக் காட்ட வேண்டாம். கேள்வி மட்டும் கேளுங்கள்.

எப்படிக் கேட்பது?

“உங்க சின்ன வயசைப் பத்திச் சொல்லுங்க” என்று கேட்டால், “என்னத்தச் சொல்ல, கஸ்டந்தான்” என்ற பதில்தான் வரும். சின்னதாகக் கேட்க வேண்டும்.

மழை வந்தால் எங்கே ஒதுங்குவீர்கள்? பீலிக்கரைக்குப் போகும் வழியில் என்ன செடி நின்றது? அம்மா வேலை விட்டு வரும்போது கையில் என்ன கொண்டு வருவார்? எந்த மரத்தில் ஏறி விழுந்தீர்கள்? காமன் கூத்துக்குக் கிரீடம் யார் ஒட்டினார்கள்? கொழுந்து மடுவத்தில் உட்கார்ந்தால் எதிரே என்ன தெரியும்?

பதிலில் வரும் ஒரே ஒரு காட்சியை மட்டும் எடுங்கள். முழுக் கதையும் வேண்டாம். கம்பளிக்குள்ளிருந்து தெரிந்த இரண்டு கால் போதும்.

என் நினைவு ஒன்றையும் சொல்கிறேன். மாரியம்மன் திருவிழாவுக்கு முதல் நாள் ராத்திரி எங்கள் லயத்தில் யாரும் தூங்கமாட்டார்கள். அண்ணன்மார் டிசூத் தாளைச் சதுரமாக மடித்து வெட்டுவார்கள். அக்காமார் கோதுமை மாக் கூழ் காய்ச்சுவார்கள். சணல் கயிற்றில் வரிசையாக ஒட்டி லயத்துக்கு லயம் தோரணம் கட்டுவோம். விடியும்போது பனி பட்டுச் சாயம் ஒழுகி, சிவப்பும் பச்சையும் எங்கள் தலையில் சொட்டும். நான் ஒரு படம் செய்தால் அந்தச் சொட்டைத்தான் செய்வேன்.

தேவையான சாமான்

காசு கொடுத்து வாங்க வேண்டியது மிகக் குறைவு.

கடதாசி: பழைய பத்திரிகை, கலண்டர் தாள், எழுதி முடிந்த கொப்பித் தாள், பிஸ்கட் பெட்டி அட்டை. இவற்றைவிட நல்லது தேயிலை அடைக்கும் கடதாசிப் பை. என் சின்ன வயதில் தேயிலை பலகைப் பெட்டியில்தான் போனது. உள்ளே ஈயத்தாள் வைத்திருப்பார்கள். அந்த ஈயத்தாளில் நட்சத்திரம் வெட்டி விளையாடினோம். பிறகு பலகைப் பெட்டி போய்ப் பல மடிப்புக் கடதாசிப் பை வந்தது. அந்தத் தாள் மண் நிறம், நல்ல பலம், சுலபத்தில் கிழியாது. கிழிந்து கழித்த பை இருந்தால் டீமேக்கர் ஐயாவிடம் கேட்டு வாங்குங்கள். கேட்காமல் ஸ்டோரில் இருந்து ஒரு துண்டும் எடுக்க வேண்டாம். அதனால் பிள்ளைக்கும் உங்களுக்கும் கெட்ட பெயர் வரக் கூடாது.

கூழ்: ஒரு பங்கு கோதுமை மாவை முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரையுங்கள். மொத்தம் ஐந்து பங்கு தண்ணீர் வரும்படி ஊற்றி, சிறு தீயில் கிண்டுங்கள். வெள்ளை நிறம் மாறிப் பளபளப்பாக வந்ததும் இறக்கி ஆறவிடுங்கள். ஒரு கரண்டி வினாகிரி சேர்த்தால் இரண்டு மூன்று நாளைக்குத் தாங்கும். பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவது பழைய வழக்கம். அது விசம். பிள்ளைகள் கை வைக்கும் கூழில் ஒரு போதும் போடாதீர்கள்.

நிறம் நம் வீட்டிலேயே இருக்கிறது

தேயிலைச் சாயம்: இரண்டு மேசைக்கரண்டித் தூளை ஒரு கோப்பைத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க வைத்து வடியுங்கள். வெள்ளைத் தாளில் துணியால் பூசிக் காயவிடுங்கள். ஒரு தடவை பூசினால் வெளிர் மண் நிறம். மூன்று தடவை பூசினால் மரப்பட்டை நிறம்.

கறுப்பு: கொழுந்து எடுக்கிறவர்களின் விரல் கறுத்துப் போவதும், கவ்வாத்துக் கத்தி பால் பட்டுக் கறுப்பதும் நமக்குத் தெரியும். தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகும். கத்தி கறுப்பது அதனால்தான். அதையே சாயமாக்கலாம். துருப்பிடித்த இரண்டு ஆணியை வினாகிரியில் இரண்டு நாள் ஊறப்போடுங்கள். தேயிலைச் சாயம் பூசிக் காய்ந்த தாளில் அந்தத் தண்ணீரைத் தடவினால் கண் முன்னாலேயே சாம்பல் நிறமாகி, பிறகு கறுக்கும். இதைப் பெரியவர்கள் செய்து கொடுங்கள்.

மஞ்சளும் சிவப்பும்: மஞ்சள் தூளைச் சுடுதண்ணீரில் கரைத்துப் பூசினால் மஞ்சள். அதில் துளி சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு. ஆலாத்தி கரைக்கத் தெரிந்த யாருக்கும் இது புதிதல்ல. சுண்ணாம்பு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் நிறம் வெயிலில் சீக்கிரம் மங்கும். ஆகவே அந்தப் படத்தை வெயில் படாத சுவரில் வையுங்கள்.

இலையைப் பார்க்கப் பழகுதல்

ஒரு தேயிலைச் செடியை நாளுக்கு எத்தனை தடவை தொடுகிறோம்? கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள், முற்றிய தேயிலையின் ஓரம் எப்படி இருக்கும்? பலருக்குச் சட்டென்று சொல்ல வராது. ஓரமெல்லாம் சின்ன அரம் போல் பல் இருக்கும். அரும்பின் அடியில் வெள்ளிப் பூனைமயிர் இருக்கும்.

இதைப் பிள்ளைக்குக் காட்ட ஒரு வழி உண்டு. முற்றிய இலையைக் கவிழ்த்து வைத்து, மேலே மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேய்க்கச் சொல்லுங்கள். நரம்பு நரம்பாக இலை தாளில் எழும்பி வரும். அதையே வெட்டிப் படத்துக்கு எடுக்கலாம்.

அடுத்தது வெள்ளைப் பன்னம். ரோட்டோரத்து மண் சரிவில் முளைக்கும். இலையின் அடியில் வெள்ளை மா பூசினது போல் இருக்கும். சின்ன வயதில் அதைக் கையில் வைத்து ஓங்கி அடித்து, வெள்ளை அச்சு விழுந்ததும் பச்சை குத்தின மாதிரி காட்டிக்கொண்டு திரிந்தோமே! அதே அச்சைக் கறுப்புத் தாளிலும் அடிக்கலாம். தொட்டால் அழியும் என்பதால், அச்சைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, அந்த அளவுக்கு வெள்ளைத் தாளில் வெட்டி அதன் மேல் ஒட்டுங்கள்.

இலையையே ஒட்ட விரும்பினால் பத்திரிகைத் தாளுக்கு நடுவில் வைத்து மேலே பாரம் ஏற்றுங்கள். தாளைத் தினமும் மாற்றுங்கள். மழைக் காலத்தில் இரண்டு கிழமை ஆகும். அவசரப்பட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

மருந்து அடித்த மலையில் இலை பறிக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். நிறை மலையில் கொழுந்தைக் கிள்ளி விளையாடவும் வேண்டாம். ரோட்டோரமும் லயத்துத் தோட்டமும் போதும். காட்டுப் பூச்செடியை வேரோடு பிடுங்கவும் வேண்டாம்.

செய்யும் முறை

1. கொப்பித் தாள் இரண்டு சேர்ந்த அளவுக்கு ஒரு அட்டையை எடுங்கள். பெரிதாகத் தொடங்கினால் பிள்ளைக்குச் சலித்துவிடும்.

2. சொன்னவர் எந்த இடத்தில் இருந்து பார்த்தார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு அம்மாவின் கால் பெரிது, மரம் கண்ணுக்கே எட்டாது. யார் கண்ணால் பார்க்கிறோமோ அவர் உயரத்தில் படம் இருக்க வேண்டும்.

3. தூரத்தில் உள்ளதை முதலில் ஒட்டுங்கள், கிட்ட உள்ளதைக் கடைசியில் ஒட்டுங்கள். நம் மலைகளைப் பாருங்கள். பக்கத்து மலை கரும்பச்சை. அதற்கு அடுத்தது நீலம். கடைசி மலை பனிமூட்டத்தில் கிட்டத்தட்ட வெள்ளை. அதேபோல் தூர மலைக்கு வெளிர் தாள், கிட்ட மலைக்குக் கரும் தாள்.

4. எல்லாவற்றையும் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டாம். பனிமூட்டம், மலை, கம்பளி, ஈர மண் இவற்றைக் கையால் கிழியுங்கள். கிழித்த ஓரத்தில் பஞ்சு போல் நார் தெரியும். அது பனிக்கும் கம்பளிக்கும் நன்றாகப் பொருந்தும். கூடைப் பின்னல், லயத்துத் தகரம், கத்தி, படிக்கல் இவற்றுக்குக் கத்தரிக்கோல். பிளேட் வேண்டாம்.

5. ஒட்டும் முன் எல்லாத் துண்டையும் அட்டையில் பரப்பி வைத்து, நினைவைச் சொன்ன பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். இந்தப் படியை மட்டும் தவறவிடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

6. கூழை மெல்லிசாகப் பூசுங்கள். நடுவில் இருந்து ஓரத்துக்குத் துணியால் நீவுங்கள். பழைய தாளுக்கு நடுவில் வைத்து ஒரு ராத்திரி பாரம் ஏற்றுங்கள். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் புகை ஏறும். ஈரச் சுவரில் நேராக ஒட்டினால் தாமரைக்கு வந்த கதிதான் வரும். அட்டையில் இரண்டு ஓட்டை போட்டு நூலில் மாட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்றுப் போகட்டும். கூழ் வாசத்துக்குக் கரப்பான் வரும். மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துத் துடையுங்கள்.

7. படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள்: இது யாருடைய நினைவு, எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த லயம், ஏறக்குறைய எந்த வருசம், வெட்டினது யார், அவருக்கு என்ன வயது. தபாலட்டைக்காரர் எழுதாமல் விட்டதை நாம் எழுத வேண்டும்.

அந்தப் படம் என்ன ஆனது?

பேத்தி தேயிலைப் பைக் கடதாசியைக் கிழித்துக் கம்பளி செய்தாள். ஆணித் தண்ணீர் தடவிக் கருங்கல் படி செய்தாள். வெள்ளைப் பன்னத்தை அச்சுப் பார்த்து வெட்டினாள். தேயிலைச் சாயம் பூசிய தாளில் இரண்டு காலையும் வெட்டி, சிவப்பு வார் வைத்த செருப்பும் போட்டாள். பரப்பி வைத்து அம்மாயியைக் கூப்பிட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

அம்மாயி குனிந்து பார்த்தார். “செருப்பா? எங்கம்மாவுக்கு ஏது புள்ள செருப்பு? அட்டைக்கடியில கால் பூரா ரத்தமா இருக்கும்” என்றார். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. செருப்பை எடுத்துவிட்டாள். பிறகு சிவப்புத் தாளில் பொட்டுப் பொட்டாகக் கிள்ளி, கணுக்காலில் வைத்தாள். செருப்பு இல்லாமல் ஒரு தலைமுறை மலை ஏறியது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் மறந்திருப்பாள். இதை மறக்கமாட்டாள்.

“கல்லு இன்னும் ஈரமா இருக்கணும்” என்று அம்மாயி அடுத்த குறை சொன்னார். அதற்கு என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை. பிள்ளை உள்ளே போய்ச் சாமிப் படத்துக்கு முன்னால் இருந்த மெழுகுதிரித் துண்டைக் கொண்டுவந்து கல்லின் மேல் தேய்த்தாள். வெளிச்சத்தில் பிடித்தால் கல் பளபளத்தது. இந்த வித்தையை நான் அவளிடம்தான் கற்றுக்கொண்டேன்.

ஒட்டி முடித்துத் திருப்பி வைத்து, அம்மாயியின் பெயரை எழுதப் போனாள். அம்மாயி கையைப் பிடித்துக்கொண்டார். “இந்தக் காலு எங்கம்மாவோடது. அம்மா பேரையும் போடு” என்று சொல்லி ஒரு பெயரைச் சொன்னார். பேத்திக்கு அந்தப் பெயர் அன்றைக்குத்தான் தெரியும். அவளுடைய அம்மாவுக்கே தெரியாது. நான்கு தலைமுறை இருந்த குடும்பத்தில் அந்தப் பெயரை அதற்கு முன் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. அந்த லயமும் இப்போது இல்லை. இருந்த இடத்தில் மானாப்புல் வளர்ந்திருக்கிறது.

படம் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் திரும்பி வந்து, இப்போது அவர்கள் காம்பராவில் கறை படிந்த சுவரின் முன்னால் தொங்குகிறது.

உறவுகளே, அடுத்த மழை நாளில் வேலை இல்லாமல் வீட்டில் இருக்கும்போது, டீவியைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, வீட்டில் உள்ள அப்பாயி, அம்மாயி, தாத்தா யாரிடமாவது ஒரு சின்னக் கேள்வி கேளுங்கள். கூழ் காய்ச்ச ஒரு கைப்பிடி மா போதும். செய்த படத்தை என் காரியாலயத்துக்குக் கொண்டுவந்து காட்டுங்கள், எல்லோரும் பார்க்கட்டும். படத்தை நாங்கள் வைத்துக்கொள்ளமாட்டோம். பார்த்துவிட்டுத் திருப்பித் தருவோம். அது இருக்க வேண்டிய இடம் உங்கள் வீட்டுச் சுவர். பின்பக்கத்தில் பெயர் எழுத மட்டும் மறக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் நலன்புரி உத்தியோகத்தர்